பதினாறாவது லாக்

இது நடந்தது நள்ளிரவில் இல்லை. பட்டப்பகலில், என் அண்ணன் வீட்டு கார் ஷெட்டில். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே கிண்டல் பண்ணுகிற ஆள்தான் நானும். போன மாதம் வரைக்கும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

அண்ணன் ஒரு பழைய கார் வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும்விட அதற்கு வயது அதிகம். "இதுலதான் உன்னை ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போவேன்" என்று அண்ணியிடம் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக நானும் அவரும் இன்ஜினைப் பிரித்தோம். பிரித்த பாகங்களுக்கு அண்ணன் சீட்டு ஒட்டமாட்டார், நோட்டில் எழுதவும் மாட்டார். தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். எது எங்கே போகும் என்பதற்கு அந்த வரிசைதான் கணக்கு. போர்வையை யாரும் தொடக்கூடாது.

நான் தொட்டேன்.

அன்றைக்கு ஒரு பாகத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அண்ணன் நாக்கைத் தட்டி "த்சு" என்றார். தப்பைப் பார்த்தால் அந்தச் சத்தம் அவருக்குத் தானாக வரும். "நீ ஸ்பேனரைத் தொட்டா இன்ஜினே அழுதுடும்டா" என்று சிரித்தார். அதுவும் அவருடைய கூட்டாளி, சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் முன்னால். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போர்வையை ஒரே இழுப்பு. அத்தனை பாகமும் நாலாபக்கமும் சிதறியது. "நீயே கட்டிக்கிட்டு அழு" என்று கத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் காலையில் அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. விழுந்தது என் தெரு முனை பஸ் ஸ்டாப்பில். அந்தப் பக்கம் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். வீட்டைக் காலி செய்துவிட்டுத் திங்கட்கிழமை மகளோடு போய் இருக்கப் போகிறார்.

"தம்பி, வண்டி ஓடக்கூட வேணாம். ஒரே ஒரு தடவை அதோட சத்தத்தைக் கேட்டுட்டுப் போயிடறேன். முடியுமா?"

முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்?

வியாழன், மதியம் 3.15. சிதறியதையெல்லாம் அண்ணி கூட்டி, இரண்டு பெயின்ட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். கொட்டினேன். எது எங்கே என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிஸ்டன் கம்பிகள் நான்கு, அவற்றைப் பிடிக்கிற மூடிகளும் நான்கு. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று மாறினாலும் இன்ஜின் இறுகிப் போகும். ஒரு மூடியை எடுத்து இரண்டாவது கம்பியில் வைத்துப் பார்த்தேன்.

"த்சு..."

பின்னால் கேட்டது. பல்லி என்று நினைத்தேன்.

அதே மூடியை மூன்றாவதில் வைத்தேன். சத்தம் இல்லை. துணியால் அழுத்தித் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் ஓர் எண்.

3.

ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. வேண்டுமென்றே இன்னொன்றைத் தப்பாக வைத்தேன்.

"த்சு..."

பயம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஓடத் தோன்றவில்லை. ஏழு மாதமாக அந்தச் சத்தத்துக்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். அன்றைக்கும் மறுநாளும் அப்படியேதான் மாட்டினேன். தப்பென்றால் சத்தம், சரியென்றால் அமைதி. நடுவில் ஒருமுறை, "அண்ணே... மன்னிச்சுடுண்ணே" என்றேன்.

அடுத்த பாகத்தை எடுத்தேன்.

வெள்ளி, மாலை 5.50. வால்வுகள். மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் நகத்தளவில் இரண்டு அரைவளையங்கள். அதற்கு லாக் என்று பெயர். இரண்டும் சேர்ந்தால்தான் வால்வு நிற்கும். எட்டு வால்வுக்குப் பதினாறு லாக்.

பதினைந்துதான் இருந்தது.

டப்பா, மூலை, சாக்கடை ஓட்டை... எங்கேயும் இல்லை. நான் போர்வையை இழுத்த அன்றைக்கு உருண்டது. இந்தப் பழைய மாடலுக்குக் கடையில் கிடைக்காது. லேத்தில் செய்யப் பத்து நாள் ஆகும் என்றார்கள். எட்டாவது வால்வை அப்படியே விட்டுவிட்டு, அண்ணி முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனி, காலை 10.20. இன்ஜின் மூடியிருந்தது. வால்வெல்லாம் மாட்டி, மேல் கவர்வரைக்கும் முறுக்கி...

"விடியக்காலைலேர்ந்து ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சே. நீங்கன்னுல்ல நெனச்சேன்." என்றார் அண்ணி.

ஷெட்டின் இன்னொரு சாவி சோடாபுட்டியிடம்தான் இருந்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. எங்கோ ஒரு பழைய லாக்கைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கிறான், நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, மாலை 4.10. அண்ணி நல்ல புடவை கட்டி, மடியில் கைப்பையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன். இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அவ்வளவு சீராக, அவ்வளவு மெதுவாக... அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நானும் அழுதேன்.

4.14. அண்ணி கண்ணைத் திறந்தார்.

"போதுங்க" என்றார்.

என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது இன்ஜின் பக்கம்.

நான் சாவியைத் தொடவில்லை.

இன்ஜின் நின்றது.

5.20க்கு சோடாபுட்டி வந்தான், கையில் பயணப் பையோடு. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நான் மாட்டினேனா? செவ்வாக்கிழமையே ஊருக்குப் போயிட்டேன்டா. இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கறேன்."

மேல் கவரைக் கழற்றினான். குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தான்.

"எட்டாவதுல ஒரு லாக்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

அந்த இடம் காலியாக இருந்தது.

"ஸ்டார்ட் பண்ண அடுத்த செகண்டே வால்வு உள்ள விழுந்து பிஸ்டனை ஒடச்சிருக்கணும். நாலு நிமிஷமா? யார்றா புடிச்சுக்கிட்டு இருந்தது?"



அண்ணி உள்ளேயிருந்து ஒரு காகித உறையோடு வந்தார். அண்ணன் உடம்போடு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒட்டிய ஒட்டுப் பிரியாமல் ஏழு மாதமாகப் பீரோவில் இருந்தது.

"கிளம்பறதுக்குள்ள பிரிச்சிடணும் தம்பி. தனியா பிரிக்க தெம்பில்ல. கூட இருங்க."

கிழித்தார். கடிகாரம். மூக்குக்கண்ணாடி. மடித்த ஒரு பஸ் டிக்கெட்.

டிக்கெட்டில் அவர் இறந்த தேதி. காலை 9.40. இறங்கும் இடம், என் தெரு முனை. அன்றைக்குப் பத்து மணி வாக்கில் முனையில் ஏதோ கூச்சல் கேட்டது. என்னவென்று எட்டிப் பார்க்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

டிக்கெட்டின் மடிப்புக்குள் ஏதோ இருந்தது. நகத்தளவில். அரைவளையம்.

தேடிக் கண்டுபிடித்து, என்னிடம் கொடுக்க வந்திருக்கிறார்.

அண்ணி அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

எண்ணெய் ஈரம்...

இப்போதுதான் இன்ஜினிலிருந்து எடுத்தது போல, சுட்டது.