அம்மாவின் நெற்றியில் சோதித்த கமரா

எங்கள் ஸ்டூடியோவுக்கு டிஜிட்டல் கமரா வந்ததில் பாதிப் பெருமை அம்மாவின் நெற்றிக்குச் சேரும். மீதிப் பாதி எனக்குத்தான் என்று பதினொரு வயதில் நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கமரா வாங்க அப்பாவும் அம்மாவும் கொழும்புக்குப் போனார்கள். கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அப்பா பேசாமல் கேட்டாராம். பிறகு அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, பொட்டு வைக்கச் சொன்னாராம். அம்மாவின் பொட்டு அப்போது நெற்றியில் இல்லை, கைப்பையில் இருந்தது. சண்டை நடந்த அந்த நாட்களில் வெளியூர் போகும் எங்கள் பெண்கள், தமிழர் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, முதலாவது சோதனைச் சாவடி வருமுன்பே பொட்டை எடுத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி வைத்துக்கொள்வார்கள். செருப்பைக் கழற்றி மாட்டுவது போல அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

கடையில் நின்ற எல்லோரும் பார்த்திருக்க, அம்மா வெட்கத்தோடு அரக்கு நிறப் பொட்டை ஒட்டிக்கொண்டார். அப்பா மூன்று கமராக்களால் எடுத்துப் பார்த்தார். முதலாவது, அம்மாவின் நிறத்தைச் சாம்பலாக்கியது. இரண்டாவது முகத்தை அழகாகக் காட்டியது, ஆனால் பொட்டைக் கறுப்பாக்கிவிட்டது. மூன்றாவதில் தோல் தோலாகவும் பொட்டு பொட்டாகவும் இருந்தன. அப்பா அதையே வாங்கினார். எங்கள் முகங்களை எடுக்கப்போகிற கமரா எங்கள் நிறத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பது அவருடைய நியாயம்.

கமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியும் கையுமாக இருந்து வாசித்தது நான். ஸ்டூடியோ விளக்கின் கீழ் எல்லோரும் செங்கமாரி வந்தவர்களைப் போல மஞ்சளாகத் தெரிந்தபோது, விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கமராவுக்குக் காட்ட வேண்டும் என்று கண்டுபிடித்ததும் நான். நான் சொன்னபடி அப்பா செய்தார், மஞ்சள் போய்விட்டது. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். நான் கூத்தோடு பாட்டும் சேர்த்துப் படித்தேன். கொம்பியூட்டரில் பருக்களை அழிப்பதும் சட்டைக் கொலரை நேராக்குவதும் என் பொறுப்பாகின. எடுத்த படத்தில் நேரே கைவைக்கக் கூடாது, பிரதி ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் அப்பாவின் கட்டளை.

மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து வருகிற பெண்கள் இறங்குதுறையிலிருந்து நேரே எங்களிடம் வருவார்கள். ஒரு மணித்தியாலத்தில் படம் கிடைக்கும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தோம். அவர்கள் வெறும் நெற்றியோடு வருவார்கள் என்பதால், கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பு, பவுடரோடு ஒரு பொட்டு மட்டையையும் அம்மா தொங்கவிட்டிருந்தார். முகம் கழுவி, அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டுதான் விளக்குக்கு முன்னால் இருப்பார்கள்.

பிரச்சினை காரணமாகப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஒரு நாள், கிளிவெட்டியிலிருந்து ஒரு பெண் தன் அண்ணனோடு வந்தார். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கொடுக்க நான்கு படம் வேண்டும், அது பூட்டுமுன் கொடுத்துவிட்டுப் பின்னேர லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்தினார். அந்தப் பெண் முகம் கழுவிக் கண்ணாடி முன் நின்றார். கை பொட்டு மட்டையை நோக்கிப் போனது. அண்ணன் லேசாகச் செருமினார். கை இறங்கிவிட்டது. அந்தப் பெண் அப்படியே போய்க் கதிரையில் இருந்தார்.

எனக்கு அந்த அண்ணன்மேல் கோபம் வந்தது. ஒரு பொட்டு வைக்க எவ்வளவு நேரமாகிவிடும்? அப்பா படமெடுத்துவிட்டு வாசலில் அவரோடு கதைத்துக்கொண்டிருக்க, நான் கொம்பியூட்டரின் முன் இருந்தேன். விட்டுப்போனதைச் சரிக்கட்டுவதுதானே என் வேலை. கொழும்பில் எடுத்த அம்மாவின் படத்தைத் திறந்து, அந்த அரக்குப் பொட்டை வெட்டி எடுத்து, இந்தப் பெண்ணின் புருவங்களுக்கு நடுவில் வைத்தேன். ஒரு மயிரிழையும் விலகவில்லை. நான்கு படங்களையும் அச்சடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணனின் முகம் சிவந்தது. அவர் அப்பாவைத்தான் கேட்டார்.

"என்ன வேலை இது? புருசன் உயிரோட இல்லையெண்டு எழுதிக் குடுக்கிற படிவத்தில பொட்டோட இருக்கிற படத்தை எப்பிடி ஒட்டுறது?"

தம்பலகாமத்துக்கு உழவு மெசினோடு போன இவளின் மனுசன், எட்டு மாதமாகிறது, ஆளும் வரவில்லை, செய்தியும் வரவில்லை என்றார். சின்னப் பிள்ளைகள் இரண்டு. நிவாரணம் கிடைக்க வேண்டுமென்றால் இப்படி எழுதித்தான் ஆக வேண்டும், இதற்கு இவளைச் சம்மதிக்க வைக்கத் தான் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் கைவைக்காத படத்தைத் தேடி மறுபடி அச்சுக்குக் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எட்டு மாதமாக ஒருவர் வராமலிருப்பதற்கும் ஒரு பொட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்கவில்லை. என் வேலை திறம் என்பது மட்டும் விளங்கியது.

புதிய படங்களை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பிழையானவற்றை வெட்டிப்போட அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். அந்தப் பெண் கையை நீட்டினார்.

"வெட்டாதேங்கோ அண்ணை."

நான்கில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அண்ணன் உறையோடு வெளியே இறங்கிவிட்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களோ பிள்ளை வைச்சனீங்கள்?"

"ஓம். அது அம்மான்ரை பொட்டு. கொழும்பில எடுத்த படத்திலயிருந்து எடுத்தனான்."

உள்ளேயிருந்து வந்து நின்ற அம்மாவை அவர் பார்த்தார், பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"அம்மான்ரை பொட்டு கன காலம் நிலைக்கட்டும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார். அப்பா விளக்கை அணைக்கப் போனார்; அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. இரண்டு பேரும் இப்படி விலகிவிட்டதால், ஸ்டூடியோவின் மானத்தைக் காப்பாற்றுவது என் தலையில் விழுந்தது.

"நல்ல மை, அக்கா," என்று நான் உறுதியாகச் சொன்னேன். "கன வருசத்துக்கு அழியாதாம். புத்தகத்தில போட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓம் என்று தலையாட்டி, படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் கச்சேரிப் பக்கம் நடந்தார். அச்சின் தரத்தைத்தான் அவர் புகழ்ந்துவிட்டுப் போகிறார் என்று நான் நினைத்தேன்.