ஒரே வரியில் முடிந்த ஊர்

நான் ஓய்வுபெற்ற மறு வருடம், ஜூன் மாதம், ஆந்திரத்துச் சித்தூரில் நடந்தது இது. மாம்பழக் கூழை ஆலைகள் டின் டின்னாக வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்த காலம். எல்லைக் கிராமத்து ஜனங்கள் வேலை தேடி இங்கே குடிவந்துகொண்டிருந்தார்கள்.

வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். பொழுது போகாமல் ஒரு சிறுகதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஏழைப் பெண் ஒருத்தி இருப்பிடச் சான்றிதழ் வாங்கும் கதை. ‘உங்கள் கதையில் யாரும் நடக்கவே இல்லை’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் ஆசிரியர். நான் எழுதிய அலுவலக நடைமுறையில் அவர் ஒரு பிழை காட்டட்டுமே, பார்க்கலாம்! அந்தக் கோபத்தில்தான் நோட்டும் பேனாவுமாக ஊரைச் சுற்றக் கிளம்பினேன்.

என் பழைய அலுவலக வாசலில் நின்ற என்னை மனு எழுதுகிறவன் என்று நினைத்துக்கொண்டார் ஒரு பெண். எல்லையோரத்து விஜயபுரம் பக்கத்துத் தமிழர். கூழ் ஆலையில் வேலை, ஆலைக் கொட்டகையிலேயே குடித்தனம்.

“தெலுங்குல ஒரு மனு எழுதிக் குடு சார். திருப்பதில எம் பொண்ணுக்கு ஹாஸ்டல் சீட்டு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இருப்பிட சர்டிபிகேட் குடுக்கலன்னா வேற ஆளுக்குப் பூடும்.”

அவமானமாக இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். “மூணு கையெழுத்துதாம்மா, ஒரு மணி நேர வேலை” என்று ஆறுதலும் சொன்னேன்.

“மூணு நாளா அலைஞ்சிக்கினு கீறேன். ஒரு மணி நேரமாம்! கூட வந்து காட்டு சார்.”

போனேன். ஆலை மேலாளர் ஊரின் ஒரு கோடி, வார்டு ஊழியர் மறு கோடி. அவர் அறையில் பூட்டு. ஆளை டீக்கடையில் தேடிப் பிடித்தோம். மூன்றாவது கையெழுத்து, புறப்பட்ட அதே அலுவலகத்தில். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது.

“இன்னா சார், அதுக்குள்ள மூச்சு வாங்குது? இன்னும் பாதி தூரம் கீது.”

திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம். குமாஸ்தா அந்தப் பெண்ணிடம் “நாளைக்கு வாம்மா” என்றார். பிறகு என்னைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். “சார், மீரா! ரண்டி, கூர்ச்சோண்டி!” நீங்களா, வாங்க, உட்காருங்க என்று தெலுங்கில் உபசாரம்; எனக்கு நாற்காலி வந்தது. பத்தே நிமிடத்தில் முத்திரையும் விழுந்தது. அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எந்த மடையன் இவங்கள ஊர் முழுக்க நடக்க விடுறது?” என்று கத்தினேன்.

“அதி மீரு பெட்டின ரூலே கதா சார்?” என்றார் குமாஸ்தா, பணிவாக.

நான் போட்ட விதியேதான். எவனோ ஒருவன் பொய்ச் சான்றிதழ் வாங்கியதற்காக, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு. அந்தக் குறிப்பில் மூன்று கையெழுத்துக்கான இடங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, விரற்கடை இடைவெளியில் இருந்தன.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த மவராசன் நீதானா?”

பதிலுக்குக் காத்திராமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார். நகரத் தொடங்கிய திருப்பதி பஸ்ஸில் தாவி ஏறியதைப் பார்த்தேன். சீட்டு கிடைத்ததா என்று தெரியாது. கொட்டகைக்குப் போய் விசாரிக்க எனக்கு முகமில்லை.

‘மூன்று கையெழுத்தும் வாங்கி வந்தாள்’ என்று என் கதையில் ஒரே வரியில் முடித்திருந்தேன். இன்றும் அப்படி ஒரு வரி எழுதப் போனால் என் மீதே ஆத்திரம் வருகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, உச்சி வெயிலில் அந்தத் தூரத்தை நடந்து முடித்த பிறகுதான் அடுத்த சொல்லை எழுதுகிறேன்.