தேதி இருக்கும் பக்கம்

தெருவில் அவளுக்குக் கத்தரிக்கோல் அக்கா என்று பெயர். அவளுடைய மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பத்து மாத்திரை அட்டையை முழுதாக வாங்க முடியாதவர்களே அதிகம். மூன்று கேட்டால் மூன்று, இரண்டு கேட்டால் இரண்டு. முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுப்பாள். காலாவதித் தேதி அச்சடித்த ஓரத்திலிருந்துதான் வெட்டுவாள். "தேதியைப் பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் கையில் வைப்பாள்.

காரணம் இருந்தது. மருந்தாளுநர் படிப்பு முடித்ததும் அவள் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி, தேதி முடிந்த அட்டைகளின் ஓரத்தை நறுக்கிவிட்டு மிச்சத்தை விற்பார். கேட்டதற்கு, "மாத்திரைக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா என்ன?" என்றார். அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுகொண்டாள். பிறகு வேறு வேறு கடைகளில் கால் கடுக்க நின்று, ஒருவழியாகத் தன் பெயரில் உரிமம் வாங்கித் தனிக்கடை திறந்தாள். வாங்குகிறவர் கையில் தேதி இருக்க வேண்டும். தனக்கென்று அவள் வைத்துக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான்.

ஒரு மதியம் மருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை. சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் படித்தார். ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்தார். கல்லாவில் இருந்த அவள் கணவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆய்வாளர் உட்காரவில்லை. குனிந்து, மேசைக்கடியில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை வெளியே இழுத்தார்.

"இது என்ன மேடம்?"

"வெட்டின அட்டையோட மிச்சம் சார்."

மேசைமேல் கவிழ்த்தார். வெள்ளித் துண்டுகள் சரிந்து பரவின. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது எப்ப முடியுது?"

திருப்பிப் பார்த்தாள். மருந்தின் பெயரில் பாதி இருந்தது. தேதி இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை.

"புதுசாத்தான் இருக்கும் சார். எப்படி மின்னுது பாருங்க" என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். பிறகு ஆய்வாளரிடம், "நான் தேதியை மறைக்கல சார். வாங்கறவங்ககிட்டதான் கொடுத்திருக்கேன்."

"முதல்ல வர்றவருக்குக் கொடுத்தீங்க. கடைசி ரெண்டு மாத்திரை வாங்கறவருக்கு?"

பழைய முதலாளியின் மேசைக்கடியிலும் இதே மாதிரி ஒரு டப்பா இருந்தது.

ஆய்வாளர் துண்டுகளை மூட்டை கட்டிச் சீல் வைத்தார். "அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா உரிமத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அவர் போனதும் கணவர், "இனிமே முழு அட்டைதான்னு போர்டு மாட்டிடு. தலைவலி விட்டுது" என்றார்.

"நமக்கு விட்டுது. ரெண்டு மாத்திரைக்கு வர்றவனுக்கு?"

மறுநாளிலிருந்து மறுபக்கம் வெட்டினாள். தேதி உள்ள ஓரம் கடைசிவரை கடையில் இருக்கும். வெட்டிய துண்டு சின்னக் காகிதக் கவருக்குள் போகும். கவர்மேல் மருந்தின் பெயரும் தேதியும் எழுதுவாள். பழகிய கை விடுமா? கத்தரிக்கோல் பழைய ஓரத்துக்கே ஓடியது. பின்னோக்கி வரும் லாரிக்கு வழி சொல்கிறவர் மாதிரி கணவர், "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கையாட்டினார்.

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். டப்பாவிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதமாக வெளியூர் வேலைக்குப் போயிருந்த, ரத்த அழுத்தத்துக்கு நான்கு நான்காக மாத்திரை வாங்கும் பெயின்டர் வந்து நின்றார். அவள் வெட்டினாள். அவர் முகம் மாறியது.

"என்னக்கா, தேதி இல்லாத பக்கத்தைத் தள்ளிவிடறீங்க. நீங்களுமா?"

ஆய்வாளர் தலைநிமிர்ந்தார். அவள் கவரில் எழுதி, மிச்ச அட்டையையும் சேர்த்து நீட்டினாள்.

"ஒத்துப் பாத்துக்கோங்கண்ணே. சரியா இருந்தா எடுத்துட்டுப் போங்க."

பெயின்டர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அட்டையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அவசரமே இல்லை.

"சரியாத்தான் இருக்கு. டாக்டர் எழுத்து மாதிரி இல்லாம படிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க" என்று கவரை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆய்வாளர் முதல்முறையாக உட்கார்ந்தார். குறை நீங்கியது என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுந்தவர் தயங்கினார்.

"இந்தக் கவர்ல ஒண்ணு கிடைக்குமா மேடம்? போற கடையில எல்லாம் காட்டணும்."

"கட்டாவே எடுத்துக்கோங்க சார்" என்றார் கணவர்.

"ஒண்ணு போதும்" என்று அதைக் கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.