நாற்பத்திரண்டுக்கு முப்பத்தாறு

டேப் நாற்பத்திரண்டு என்கிறது. கைகள் முப்பத்தாறுக்குக் கோடு போடுகின்றன. கத்தரிக்கோல் கோட்டை விட்டு வெளியே நழுவப் பார்க்கிறது. இடது கை துணியை நகர்த்தி அதை வழிக்குக் கொண்டுவருகிறது. எதிர்வீட்டு நர்ஸுக்கு நீச்சலுடை. "முப்பது வருஷப் பழக்கம். இன்னும் ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டுடின்னு கை கெஞ்சுது பாருங்க" என்று பக்கத்துவீட்டுக்காரனான என்னிடம் சொல்லிக்கொண்டே டெய்லரக்கா தன் கையையே அதட்டுகிறார்.

அவர் தைக்கிற சட்டைகளின் பெருமையே உள்ளே விடும் துணிதான். ஊருக்கெல்லாம் உடம்பு போடும், அக்கா பிரித்துவிடுவார், யாருக்கும் தெரியாது. நீச்சலுடையில் அந்தப் பாச்சா பலிக்காது. துணி இழுபடும், உடம்பைவிடச் சின்னதாக வெட்டினால்தான் உடம்போடு நிற்கும்.

இதையெல்லாம் அவர் தேடிப் போகவில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. "மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது ஒரு பயிற்சி, தினமும் செய்யுங்க. எதுன்னு நீங்களே பார்த்து எடுத்துக்குங்க" என்றார் டாக்டர். "ஜவுளிக்கடையில கொண்டுபோய் விட்ட மாதிரி விட்டுட்டார்" என்பது அக்காவின் புகார்.

முதலில் நடந்தார். மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கியது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளை இரண்டே நாளில் கைவிட்டார். "உட்கார்ந்த இடத்துல மிதிக்கிறதுதான் நாள் பூரா பண்றேனே! அதுலயாவது துணி முன்னால போகுது." போனைப் பார்த்து ஆடியபோது கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டினார். "நீ ஆடினா உனக்கு எங்க மூச்சு வாங்குது? கட்டடத்துக்குல்ல வாங்குது" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

கடைசியில் நீச்சல் குளம். மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு மட்டும். கடையில் விற்ற உடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பொத்தான் காஜா எடுக்கக்கூடத் துணி இல்லையே" என்று வைத்துவிட்டு, முழங்கை முழங்கால் வரை மூடும்படி தானே ஒன்று தைத்தார். பழக்கதோஷத்தில் தாராளமாக வெட்டியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதுமே அது குடை போல விரிந்து மேலே வந்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் முழங்காலில் வலியே இல்லை என்பதைக் கவனித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைத் தையல் தையலாகப் பிரித்தார். துண்டுத் துணிகளை ஸ்கேலில் வைத்து இழுத்து, எது எவ்வளவு நீள்கிறது என்று எழுதினார். நேர்த்தையல் போட்டால் நூல் அறுந்தது. கோணல்மாணலாக ஓடும் தையலுக்கு மாறினார். மூன்று வீணாயின. நான்காவது தண்ணீரில் நின்றது.

நின்ற வாரமே குளத்து டிக்கெட் ஜன்னலில் இருக்கிற பெண் சொன்னாள்: "மாசக் கடைசிக்குள்ள எட்டுப் பேர் மாசக் கார்டு எடுக்கலைன்னா இந்த லேடீஸ் டைமை எடுத்துடுவாங்கக்கா. உங்களோட அஞ்சுதான் இருக்கு."

மற்ற நேரமெல்லாம் ஆண்கள் கூட்டம். இது போனால் அக்காவுக்கு வேறு பயிற்சி இல்லை. வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் ஒரே பதில்: "அதைப் போட்டுக்கிட்டு எப்படிக்கா?" தன்னுடையதை எடுத்துக் காட்டினார். ஆறாவது கார்டு ஒரு டீச்சர். ஏழாவது, இந்த நர்ஸ். அக்கா இப்போது இரண்டு மாடியையும் பேசிக்கொண்டே ஏறுகிறார்.

மாதத்தின் கடைசி நாளன்று, ஆண்பிள்ளை என்பதால் கணக்கில் சேராத நானும் ஜன்னல் வரைக்கும் கூடப் போனேன். எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் அக்காவின் கையில் ஒரு பை இருந்தது.

"எட்டாவது கார்டுல உன் பேரை எழுதிக்கடி" என்றார் டிக்கெட் ஜன்னல் பெண்ணிடம்.

"என்னக்கா விளையாடுறீங்க? நான் டியூட்டியில இருக்கேன்."

"மூணு மணிக்கு ஜன்னலைச் சாத்தினா நாலு வரைக்கும் என்னடி டியூட்டி? ஈ ஓட்டுறதா?"

"எனக்கு நீச்சலே தெரியாது."

"எனக்கு மட்டும்? கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் காலை உதைக்கிறேன். அதுக்கே மூச்சு வாங்குது."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். "அளவே எடுக்கலையே..." என்றாள், குரல் இறங்கி.

"தினம் பார்க்கிறேன். என் கண்ணுக்கு டேப் வேணுமா?"

டிக்கெட் தருகிற அரைவட்டத் துளை வழியாக அக்கா பையைத் தள்ளினார். பாதியில் சிக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். உள்ளேயிருந்து இரண்டு விரல்கள் நீண்டு, பையின் முனையைப் பிடித்து இழுத்தன.