பட்டாணிமேல் விரித்த சாக்கு

கெஃப் என்ற மலையூருக்கு மேலே, எல்லை தாண்டி அல்ஜீரியக் காற்று நேராக வந்து அறையும் சரிவில், குளிர்காலத்திலும் பச்சை காட்டும் தோட்டம் ஹனிய்யா பயிர்செய்வதுதான். நவம்பரில் பட்டாணியும் பூண்டும் ஊன்றுவாள். ஜனவரி பிறந்ததும் கழுதை விட்டையைக் குவித்து, அது மக்கும் சூட்டின்மேல் மண் பரப்பி, வசந்தத்துக்கு வேண்டிய மிளகாய் விதை போடுவாள். கல்யாணம் ஆகாதவள். அக்கா லத்தீஃபாவும் அவள் புருஷன் லஸ்ஹரும் இருந்த வீட்டில்தான் அவளும் இருந்தாள். தோட்டம் சகோதரிகள் இருவருக்கும் பொது.

உறைபனி விழும் நாட்களில் விடிவதற்குள் எழுந்து பட்டாணிமேல் சாக்கு விரிக்க வேண்டும். அதற்கு இருவரும் முறை வைத்திருந்தார்கள். போன ஜனவரியில் ஒரு நாள் ஹனிய்யாவின் முறை. அக்கா வந்து தோளைத் தொட்டது தெரிந்தது. கம்பளியின் கதகதப்பை விட மனமில்லாமல் கண்ணை மூடியபடியே கிடந்தாள். அக்கா போய்விட்டாள். பனி உறைந்த கல்படியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட்டுக் கிடந்தவளை வெயில் ஏறிய பிறகுதான் கண்டார்கள்; உயிர் இல்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் லஸ்ஹர் கீழ்த்தெருவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். கொழுந்தியாளும் தானும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஊர்வாய் சும்மா இருக்காது என்று காரணம் சொன்னான்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனியன்று ஹனிய்யா அசந்துவிட்டாள். பதறி ஓடியபோது பாத்தி மூடியிருந்தது. சாக்கின் ஓரம் இரண்டாக மடிக்கப்பட்டு, மடிப்பின்மேல் வரிசையாகக் கல். அப்படி மடிப்பது அக்கா ஒருத்திதான். ஹனிய்யா சாக்கைத் தொடாமலே திரும்பினாள்.

அடுத்த பனிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அன்று யாருடைய முறை என்பதையும் சொல்ல வேண்டிவருமே. யாரும் தொட்டுவிடக் கூடாதென்று தோள்வரை இறுக்கிப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

நான்காவது தடவை, பாங்கு சொல்லும் நேரத்துக்கே எழுந்து கிணற்றுச் சுவரோரம் உட்கார்ந்தாள். வெளிச்சம் கசியத் தொடங்கியபோது படியேறி வந்தது லஸ்ஹர். மண்டியிட்டு, அக்கா மடித்த மாதிரியே சாக்கை மடித்தவன், அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

"மச்சான், அன்னைக்கு என் முறை," என்றாள். "அக்கா எழுப்பினா. நான் தூங்குற மாதிரி கெடந்தேன்."

லஸ்ஹர் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான்.

"உன்கிட்ட இருந்து நேரா என்கிட்டதான் வந்தா. 'பாவம், சின்னவ அசந்து தூங்குறா, நீங்க போறீங்களா'ன்னு கேட்டா. நானும் முழிச்சுதான் இருந்தேன், ஹனிய்யா. கண்ணத் தொறக்கல."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வாளி விழுந்துச்சுன்னு நெனச்சேன்."

"எனக்கும் கேட்டுச்சு."

இருவரும் அழவில்லை. மீதிச் சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பனிக்கும் இருவருமே வந்தார்கள். பேச்சு அதிகமில்லை. அவர்களை இணைத்துப் பார்த்த லஸ்ஹரின் அண்ணி, பிப்ரவரியில் ஒரு தட்டுப் பேரீச்சை இனிப்போடு வந்து, நிக்காஹ் செய்துகொண்டால் என்ன என்று கேட்டாள்.

"அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் படுத்தா, யாருக்கும் தூக்கம் வராது," என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள் ஹனிய்யா.

மார்ச்சில் லஸ்ஹர் மண்வெட்டியோடு வந்து மிளகாய்க்கு நிலத்தைக் கொத்திவிட்டான். ஏப்ரலில் பனி நின்றது, பட்டாணி காய்த்து ஓய்ந்தது, நாற்று நாலு இலை விட்டது. மூடுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் விடியலில் அவன் வருவது நிற்கவில்லை. அவன் வரும்போதெல்லாம் அவள் ஏற்கெனவே எழுந்து வெளியே நின்றிருந்தாள்.