படுத்திருக்கும் கோடு

மகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரைபடம். கிடையாக நேரம், மேல்நோக்கி வீட்டிலிருந்து தூரம். கோடு ஏறி, கொஞ்சம் படுத்து, பிறகு இறங்கியது. அதைப் பார்த்ததும் கட்டுமாவடியில் நான் படித்த எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இதே மாதிரிக் கோட்டைக் காட்டி, "இந்த ஆளு என்ன செய்யிறாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"மலை ஏறி, உச்சியில நடந்து, எறங்குறாரு டீச்சர்" என்றேன். மலையையே பார்த்திராத கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பக்கத்தில் இருந்த செல்வி மட்டும் எழுந்தாள். அவள் பாவாடையில் எப்போதும் மீன் வாடை அடிக்கும். அதனாலேயே நான் சற்றுத் தள்ளி உட்காருவேன்.

"நடுவுல நடக்கல டீச்சர். நேரம் போவுது, தூரம் கூடல. எங்கம்மா சந்தையில மீன் வித்துட்டு இப்புடித்தான் பஸ்ஸுக்கு நிக்கும். வெறுங்கூடைன்னாலும் வாடைக்குக் கண்டக்டர் ஏத்த மாட்டாரு."

"அப்ப இந்த எறக்கம்?"

"வீட்டுக்கு வருது டீச்சர்."

செல்வி உட்கார்ந்ததும் நான் அவளை ஒட்டி நகர்ந்துகொண்டேன்.

"இந்தக் கோடு ஏம்மா படுத்திருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"செல்வியோட அம்மா பஸ்ஸுக்கு நிக்கிறாங்க" என்றேன்.