எட்டுத் தடவையும் சிவப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்ற் சமையலறை மேசையில் வைத்து, எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. காரணம்? ஒரு பூ.

சிரிக்காதீர்கள். முதலில் என் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கழுத்தில் ஒரு கட்டி. சுண்டங்காய் அளவுதான். ஊசியால் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து லாபுக்கு அனுப்பியிருந்தார்கள். றிசல்ட் வியாழக்கிழமை. மனைவி வசந்திக்கு நான் மூச்சு விடவில்லை. பிளாஸ்டரைப் பார்த்து என்ன என்று கேட்டாள். "ஷேவ் எடுக்கேக்கை வெட்டிப்போட்டுது" என்றேன். "ஓம்" என்று போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று நான் நம்பினேன்...

இனி அந்த வகுப்பு. வேலையிடத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாறவேண்டும் என்றால் புள்ளிவிபரவியலில் ஒரு பாடம் முடிக்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் ஒன்லைனில் படிக்கிறேன். அந்த வாரப் பாடம் ஈருறுப்புப் பரம்பல். பெயருக்குப் பயப்படாதீர்கள், உங்களுக்கும் சேர்த்து நானே பயந்துவிட்டேன். ஒரு காசைப் பத்து முறை சுண்டினால் தலை எத்தனை முறை விழும்? ஐந்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். நாலுக்கும் ஆறுக்கும் கொஞ்சம் குறைவு. பூச்சியமும் பத்தும் அருமையிலும் அருமை. படமாகக் கீறினால் நடுவில் மலை, இரண்டு பக்கமும் எலிவால். அவ்வளவுதான். இதை வீட்டில் செய்து பார்த்து எழுதி அனுப்ப வேண்டும்.

வீடு முழுக்கத் தேடினேன். ஒரு சில்லறைக் காசு இல்லை! கொத்துரொட்டிக்குக்கூடக் கார்ட் தட்டுகிற ஊரில் காசுக்கு எங்கே போவது? மேசையில் பூச்சாடி இருந்தது. சிவப்புக் கார்னேஷன், வெள்ளைக் கார்னேஷன். பூக்கட்டிப் பார்த்தால் என்ன? பிள்ளையார் கோயிலில் ஒரு கேள்வியை நினைத்து, இரண்டு நிறப் பூவைத் தாளில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுத்துப் பார்ப்போமே... அதேதான். அரைக்கு அரை.

ஆனால் பூவைக் கட்டிவிட்டால் மனம் சும்மா இருக்குமா? யாரும் கேட்காமலே ஒரு கேள்வி உள்ளே நுழைந்துவிட்டது. வெள்ளை வந்தால் கட்டி ஒன்றுமில்லை. சிவப்பு வந்தால்... அதை எழுத இப்போதும் கை வரவில்லை.

"வசந்தி, இஞ்சை வாரும். ஹோம்வேர்க். உதிலை ஒண்டை எடும்."

"பிள்ளையாரோடை விளையாட்டோ?" என்றவள், வந்து எதிரே இருந்தாள். கண்ணை மூடினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. இரண்டையும் தடவி ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

திரும்பக் கட்டிக் கலந்து வைத்தேன். இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதும். இதெல்லாம் நடக்கிறதுதான் என்று எனக்கு நானே டியூஷன் கொடுத்தேன். நாலு. ஐந்து. வெளியே பனி கொட்டி, அறை கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டு வந்தது. எழும்பி லைற் போடத் துணிவில்லை. ஹீற்றர் மட்டும் டக்... டக்... என்றது. ஆறாவதை அவள் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அறுபத்துநாலில் ஒன்று! பொட்டலத்தில்தான் ஏதோ கோளாறு. ஒரே மாதிரியான இரண்டு மூடி டப்பாக்களில் பூக்களைப் போட்டு, எது எதிலென்று எனக்கே தெரியாமல் மாற்றி மாற்றி வைத்தேன்.

சிவப்பு. திரும்பவும் மாற்றினேன். சிவப்பு.

எட்டுக்கு எட்டு. இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று. மேசையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தானா என்று ஒரு சந்தேகம் முதுகில் ஊர்ந்தது. அந்த நேரம் பார்த்து பின்னால் ஃபிரிட்ஜ் உறுமியதே... "முருகா!" என்று கதிரையோடு துள்ளினேன். துள்ளிய வேகத்தில் எல்லாம் வெளியே கொட்டுப்பட்டது — கட்டி, ஊசி, வியாழக்கிழமை.

"சிவப்பெண்டால் நான் முடிஞ்சனப்பா!"

வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கட்டி எனக்கு அண்டைக்கே தெரியும். ஷேவ் எடுத்து வெட்டினவர் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரோ ஒட்டுறவர்? நீங்களா வாய் திறக்கட்டும் எண்டு இருந்தனான். சிவப்பு வந்தால் இவருக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் எடுத்தனான்."

"நினைச்சால் எல்லாத் தரமும் வருமோ?"

"வெள்ளையைப் பக்குவமா மடிச்சு மடிச்சுச் சுத்துறியள். சிவப்பைக் கசக்கிச் சுருட்டி வைக்கிறியள். தடவத் தெரியாதே? தேடித் தேடிச் சிவப்பை எடுத்தனான்."

"பிள்ளையாரோடை கள்ளமோ!"

"உங்களுக்காகத்தானே. அவர் கோவிக்கமாட்டார்."

எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! இந்த எட்டுச் சிவப்புக்காகவா பேய் பிடித்தவன் மாதிரித் துள்ளினேன்? அவளும் சிரித்தாள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை.

"அப்ப அந்த டப்பா ரெண்டும்?"

அவளுடைய சிரிப்பு நின்றது.

"அது எனக்குத் தெரியேல்லையப்பா," என்றாள் மெதுவாக. "அது தானா வந்தது."

இரண்டுக்கு இரண்டு. நாலில் ஒன்று. வெகு சாதாரணம் என்கிறது பாடப்புத்தகம். புத்தகம் எழுதியவர் எங்கள் சமையலறையில் இருக்கவில்லை. பத்து முறை செய்யச் சொன்ன பரிசோதனையை எட்டோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன். மார்க் போகட்டும். எனக்கு வேறு கவலை. அந்தக் கடைசி இரண்டு சிவப்பும் யாருடைய கேள்விக்கு வந்த பதில்? அவளுடையதற்கா, என்னுடையதற்கா? வியாழன்வரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. மேசையில் சாப்பிடவும் இல்லை. சோஃபாவில் இருந்து சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை இருவருமாகப் போனோம். டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். திரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். வசந்தியின் நகம் என் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்லதுன்னும் சொல்ல முடியல சார், கெட்டதுன்னும் சொல்ல முடியல. எடுத்த சாம்பிள் பத்தல. இன்னொரு தடவை குத்தணும்."

சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை! இப்படி ஒரு பதில் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அடுத்த தரம் ஊசி போடேக்கை நானும் உள்ளுக்கு வருவன்," என்றாள் வசந்தி, டொக்டரிடம், அனுமதி கேட்காத குரலில்.

வரட்டும். கணக்குத் தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் — எனக்காகக் கள்ளம் செய்ய ஓர் ஆள் வேண்டாமா?